தடுப்பூசியும் தாது உப்பும்

இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் மந்தை மந்தையாக மாடுகளை மாய்த்த வெக்கை நோய் உலகினின்றே ஒழிந்ததென 2011-இல் அறிவிக்கப்பட்டது. தடுப்பு மருந்தின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. எனினும், ஊசி போட்டவுடன் நம் கடமை தீர்ந்ததென்று அங்கத்தினர் பலர் கருதுவது தவறென்றே எண்ணுகிறோம்.

ஊசிக்குப் பின் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குவது பசுவின் உடலே. அதற்குப் புரதமும், துத்தநாகம், தாமிரம், செலினியம் முதலிய தாதுக்களும், உயிர்ச்சத்து ஏ, ஈ ஆகியவையும் தேவை. கன்று ஈனுவதற்கு முன்னும் பின்னுமுள்ள மும்மூன்று வாரங்களில் பசு தீனியைக் குறைக்கும். சத்தோ சீம்பாலில் வெளியேறும். மடிநோய்க்கு அதுவே வாய்ப்பான காலம். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் நிலம் உவர்ந்த ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் பசும்புல் அரிது. வைக்கோலிலோ உயிர்ச்சத்து ஏ இல்லையென்றே சொல்லலாம்.

ஆகவே கறவைப் பசுவுக்கு நாள்தோறும் சுமார் 50 கிராம் தாது உப்புக் கலவையும், இயன்றவரை அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தழையும் அளிக்கவேண்டும். செலினியம் மிகுந்தால் நஞ்சாகும். சினைப் பசுவுக்குரிய அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிக. கலவை ஊசிக்கு மாற்றன்று என்பதையும் மறத்தலாகாது.

கலவைக்கு ரொக்கம் இல்லையென்பது ஏழை அங்கத்தினரின் குறை. சங்கமே அதனை மொத்தமாக வாங்கி, பால் பணத்தில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளலாமே! அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுகிறோம்.