நீட் தேர்வும் இன்னோர் ஆண்டும்

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பென்னலூரைக் கடப்பவர் கண்ணில் முதலில் படுபவை தொழிற்சாலைப் பேருந்துகள். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளில் ஷிப்டு மாறும் வேளையில் அவை வரிசைகட்டி ஓடும். பிளஸ் 2 முடித்த பதினெட்டு வயதினருக்கு இவ்வட்டாரத்தில் ஒப்பந்த வேலை கிடைப்பது அரிதன்று. மருத்துவம் பயில விரும்பும் அரசுப் பள்ளி மாணவர், பிற தேர்வர்களுடன் போட்டியிடும் முன்பே, கைக்கெட்டும் அந்தச் சம்பளத்துடன் போட்டியிட வேண்டியிருப்பதை இங்கு வசிக்கும் நான் ஆண்டுதோறும் காண்கிறேன்.

நீட் தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்கிற அரசியல் விவாதம் ஓயவில்லை. விலக்கு கோரிய தமிழக மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. வழக்கும் வாதமும் தொடரட்டும். மாணவர் அதுவரை காத்திருக்க இயலாது.

தேர்வின் அமைப்பு எளிமையானது. 180 நிமிடங்களில் 180 வினாக்கள். மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். உயிரியலுக்கு மட்டும் 90 வினாக்கள். அவற்றை ஐம்பது நிமிடங்களில் முடிப்பவருக்கு இயற்பியல், வேதியியல் கணக்குகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். இந்த வேகம் பாடத்தைப் புரிந்துகொண்டதால் மட்டும் வருவதில்லை. மாதக்கணக்கில் மாதிரித் தேர்வு எழுதிப் பழக வேண்டும். பள்ளிப் பொதுத் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கும் ஆண்டில் அந்த அவகாசம் எங்கே இருக்கிறது?

ஆகவேதான் பலரும் பள்ளி முடிந்தபின் இன்னோர் ஆண்டைச் செலவிடுகின்றனர். நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை இதை வெளிச்சமிட்டது. 2020-21இல் தமிழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் 71 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மறுமுறை எழுதியவர்கள். நீட் வருவதற்கு முன் அவர்கள் சிறுபான்மையினரே. அறிவைவிட, ஓராண்டை வாங்கும் வசதியையே இத்தேர்வு அளக்கிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

2020இல் சட்டமான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்மையிலேயே பெரிய கதவு. ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு இடம் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால், அந்தக் கதவை எட்டுவதற்குத் தேவைப்படும் ஓராண்டின் செலவு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் ரூ.1,000 கல்லூரியில் சேர்ந்தவருக்கே உரியது. வீட்டிலிருந்தபடி மீண்டும் நீட் எழுதுபவர் பள்ளிக் கணக்கிலும் இல்லை, கல்லூரிக் கணக்கிலும் இல்லை.

தகுதி மதிப்பெண்ணை நெருங்கிய அரசுப் பள்ளி மாணவருக்கு ஓராண்டு மட்டும் அந்த உதவித்தொகையை நீட்டிப்பது அரசுக்குப் பெரும் சுமையாகாது. வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியை மாலையில் திறந்துவைத்து, வாரந்தோறும் மாதிரித் தேர்வு நடத்தலாம். சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடச் சட்டப்படி கடமைப்பட்ட பெருநிறுவனங்கள் நம் வாசலிலேயே உள்ளன. அவர்களிடம் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

ஒரு நிபந்தனை. முடிவு வெளியானதுமே, வேலையா மறுமுயற்சியா என்பதைக் குடும்பங்கள் தீர்மானித்துவிடுகின்றன. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் விரைவாக. எனவே, இவ்வுதவி உண்டு என்ற செய்தி பிளஸ் 2 வகுப்பறையிலேயே, பெற்றோரும் அறியும்படி, சொல்லப்பட்டாக வேண்டும்.