பாப்பாவுக்கு டிக்கெட் இலவசம்… பையைப் பிடிச்சுட்டு நிக்கிறவங்களுக்கு?

வீக்எண்ட் செலவு பத்தி சேனல்ல எப்போ பேசினாலும் ரெண்டு கேள்வி தவறாம வருது. "வைஃப் அஞ்சு மாசம், தீம் பார்க் போகலாமா?" இது ஒண்ணு. "பாப்பாவுக்கு எட்டு மாசம், இப்போ டிக்கெட் கிடையாது, அதுக்குள்ள ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா?" இது இன்னொண்ணு. உடம்புக்கு ஆகுமாங்கறதை உங்க டாக்டர்தான் சொல்லணும். காசுக்கு ஆகுமான்னு கேட்டா, என் பதில்: பெரும்பாலும் ஆகாது.

தீம் பார்க் டிக்கெட்டை பஃபே சாப்பாடு மாதிரி பாருங்க. ஒரு இட்லியோட எழுந்திரிக்கிறவருக்கும் விலை அதேதான். வொண்டர்லாவுல உயரத்தை வச்சுதான் கட்டணம். 85 செ.மீ.க்குக் கீழ இருந்தா இலவசம், 140 வரைக்கும் சிறுவர் டிக்கெட், அதுக்கு மேல முழு டிக்கெட். அந்த அளவுகோல் உயரத்தை மட்டும்தான் பார்க்கும். நீங்க எத்தனை ரைடு ஏற முடியும்னு அதுக்குத் தெரியாது. ஆக, ஒரு ரோலர் கோஸ்டர் கூட ஏறக் கூடாத கர்ப்பிணிக்கும் முழு டிக்கெட்டுதான். அது மேல 18 சதவீத ஜிஎஸ்டி வேற. (2018-க்கு முன்னாடி இது 28 சதவீதம். அந்த வகையில கொஞ்சம் சந்தோஷப்படலாம்!)

கர்ப்பமா இருக்கிறவங்க ஏறக் கூடாதுன்னு ரைடு வாசல்ல போர்டு வச்சிருக்கிறது சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. திடீர்னு வேகமெடுத்து திடீர்னு நிக்கிற குலுக்கல்ல நஞ்சுக்கொடி கருப்பையை விட்டு விலகுற ஆபத்து இருக்கு. சீட்டோட பாதுகாப்புக் கம்பி வயித்தை அழுத்தும். டேஷிங் கார், வாட்டர் ஸ்லைடு எல்லாத்துக்கும் இதே கதைதான். மிஞ்சுறது என்ன? ஏதாவது ஒரு ஷோ, நிழல்ல ஒரு பெஞ்ச், ஃபுட் கோர்ட்.

கைக்குழந்தையோட போனா கணக்கு எப்படி வரும்னு பார்ப்போம். டிக்கெட் ஆளுக்கு 1,500 ரூபாய்னு வச்சுக்குவோம். ரெண்டு பேருக்கு 3,000. கேப் போக வர 1,200, சாப்பாடு 1,000, லாக்கர் அது இதுன்னு 300. மொத்தம் 5,500. உள்ள ஏழு மணி நேரம் இருக்கீங்க. பால் கொடுக்க, டயப்பர் மாத்த, தூங்க வைக்க, அழுகையை நிறுத்தன்னு பாதிக்கு மேல போயிடும். மிச்ச நேரத்துல ஒருத்தர் க்யூவுல நின்னா இன்னொருத்தர் பாப்பாவோட வெளியே நிக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து ஆறு ரைடு ஏறினா பெரிய விஷயம். ஒரு ரைடுக்கு 900 ரூபாய்க்கு மேல ஆகுது. பாப்பா வர்றதுக்கு முன்னாடி இதே காசுக்கு ஆளுக்கு 15 ரைடு ஏறியிருந்தா, ஒரு ரைடுக்கு 185 ரூபாய் கூட ஆகியிருக்காது.

அந்த ஆறுல யாருக்கு எத்தனை? பையைப் பார்த்துக்கிற வேலை எப்படியோ அம்மாக்கிட்டயே போய் நிக்குது. "நீ உட்காரும்மா, நான் ஒரே ஒரு ரைடு போயிட்டு வந்துடறேன்"னு கிளம்புறவர் நாலாவது ரைடு முடிச்சுட்டு ஈரத் தலையோட வருவார். முழு டிக்கெட் கொடுத்து பை காவல் பார்க்க யாராவது போவாங்களா? டிஸ்னி பார்க்குகள்ல இதுக்கு 'ரைடர் ஸ்விட்ச்'னு ஒரு ஏற்பாடு இருக்கு. குழந்தையோட வெளியே நின்னவங்க, அடுத்த முறை முழு க்யூவுலயும் நிக்காம ஏறிக்கலாம். நம்ம ஊர் பார்க்ல அப்படி ஏதாவது உண்டான்னு போறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேளுங்க. இல்லைன்னா யார் எந்த ரைடுன்னு வீட்டுலயே பேசி முடிச்சுட்டுப் போங்க.

ஆபீஸ் டீம் அவுட்டிங் இன்னும் சிக்கல். "கம்பெனி காசுதானே, உனக்கு என்ன போச்சு?"ன்னு கேப்பாங்க. முதல் மூணு மாசம் நிறைய பேர் ஆபீஸ்ல விஷயத்தைச் சொல்றதில்லை. சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம். தீம் பார்க்ல போய் எந்த ரைடும் ஏறாம ஒருத்தர் உட்கார்ந்திருந்தா, மதியத்துக்குள்ள டீமுக்கே தெரிஞ்சிடும். அப்ரைசல் நேரமா இருந்தா அந்தப் பொண்ணோட மனசுல என்ன ஓடும்னு யோசிச்சுப் பாருங்க. நீங்க டீம் லீடா இருந்தா, இடம் முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு ஆப்ஷன் வச்சு, காரணம் கேக்காம ஓட்டு எடுங்க. நீங்களே அந்த நிலையில இருந்தா, "அன்னைக்கு வீட்டுல வேலை இருக்கு"ன்னு சொன்னா போதும். அதுக்கு மேல விளக்கம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

'இலவச வயசு முடியறதுக்குள்ள போயிடலாம்'ங்கற அவசரமும் வேண்டாம். சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸ்ல 4 வயசுக்குக் கீழ இலவசம், ஹாங்காங் டிஸ்னிலேண்ட்ல 3 வயசுக்குக் கீழ. ஒரு குழந்தை டிக்கெட்டை மிச்சம் பிடிக்க ரெண்டு பேருக்கு ஃப்ளைட், ஹோட்டல்னு லட்சக்கணக்குல செலவு பண்றோம். அங்க போனா பல ரைடுக்கு உயரம் பத்தாதுன்னு பிள்ளையைத் திருப்பி அனுப்புவாங்க. அதே காசை ஆர்டி-யில போட்டு வைங்க. பிள்ளை ஏழு எட்டு வயசுல போனா, தானே ஏறும், ஞாபகமும் இருக்கும்.

சென்னைக்காரங்களுக்கு இப்போதைக்கு வண்டலூர் உயிரியல் பூங்காவோ முட்டுக்காடு தட்சிணசித்ராவோ போதும். பேட்டரி வண்டியில உட்கார்ந்தே வண்டலூரைச் சுத்தலாம். ரெண்டு இடத்துக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இல்லை, போயே ஆகணும், அண்ணன் குடும்பம் மொத்தமும் கிளம்புதுன்னா, ஏர்லி பேர்ட் தள்ளுபடியைப் பார்த்து முன்கூட்டியே டிக்கெட் போடாதீங்க. முந்தின நாள் ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா, காசு திரும்பக் கிடைக்காத டிக்கெட்டுல தள்ளுபடி இருந்து என்ன பிரயோஜனம்? நூறு இருநூறு கூட ஆனாலும் அன்னைக்குக் காலையில பார்த்து வாங்கிக்கலாம். வாரநாளாப் பார்த்துப் போங்க, ஏப்ரல் மே வேண்டாம். வெளிச் சாப்பாடு அனுமதி இல்லாத இடமா இருந்தா, குழந்தை சாப்பாட்டுக்கு விலக்கு உண்டா, பால் கொடுக்கத் தனி ரூம் இருக்கான்னும் அந்த போன்லயே கேட்டு வச்சுக்கோங்க.