கேமரா இருக்கிறது, காட்சி இருக்கிறதா?

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் சில நாள்களிலேயே உயிரிழந்தனர். விசாரணைக்குச் சென்ற நீதித் துறை நடுவர், நிலையத்தின் சிசிடிவி பதிவுகளைக் கேட்டார். ஹார்டு டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி ‘செட்டிங்’ வைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அவர் அறிக்கை அளித்தார். கருவிகளெல்லாம் இருந்தன, அந்த இரவின் காட்சி இல்லை.

காவல் நிலையம், பள்ளி, நகைக்கடை, அடுக்குமாடிக் குடியிருப்பு என எங்கும் கேமராவை நாம் எண்ணிக்கையாகவே வாங்குகிறோம். “16 கேமரா, ஒரு டிவிஆர், என்ன ரேட்?” என்பதில் பேச்சு தொடங்கி அதிலேயே முடிகிறது. எண்ணிக்கைக்கும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் கேமராவே கிடையாது. பக்கத்துத் தெருவில் பதிவான காட்சியைத்தான் காவல் துறை நம்ப வேண்டியிருந்தது. இன்று தெருவுக்குத் தெரு கேமரா வந்துவிட்டது. இனி கேட்க வேண்டியவை மூன்று: எதைப் பார்க்கப்போகிறோம், எத்தனை நாள் வைத்திருக்கப்போகிறோம், அழிக்கும் அதிகாரம் யாரிடம்?

முதல் கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். கண்காணிப்பு கேமராக்களுக்கான சர்வதேசத் தர விதி ஐஇசி 62676-4, 2014இல் இதற்கு அளவுகளை வகுத்தது. ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அறிய, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் போதும். தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் அறியாதவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250 வேண்டும். பரவலாக விற்கும் 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம் கொண்டது. 250ஆல் வகுத்தால், அந்தக் கேமரா முகத்தை உறுதியாகக் காட்டக்கூடிய அகலம் ஏறக்குறைய ஏழரை மீட்டர்தான். அதையே 30 மீட்டர் அகலத்துக்கு விரித்துவைத்தால் சட்டையின் நிறம் தெரியும், நடை தெரியும், முகம் தெரியாது. ‘மொத்த இடமும் கவராகணும்’ என்று வாடிக்கையாளர் கேட்பதும், பொருத்துபவர் தலையாட்டுவதும்தான் மங்கலான படங்களின் பிறப்பிடம். நுழைவாயிலுக்கு முகம் பார்க்கக் குறுகிய கோணத்தில் ஒன்று, வளாகத்துக்கு நடமாட்டம் பார்க்க அகலக் கோணத்தில் ஒன்று எனப் பிரிப்பதே வடிவமைப்பின் முதல் பாடம்.

பொருத்தும் இடமும் அவ்வளவு முக்கியம். கை எட்டாத உயரம் என்று இரண்டாம் மாடியில் வைத்தால் தொப்பியும் வழுக்கையும்தான் பதிவாகும். வாசலை நோக்கி உள்ளிருந்து வைத்தால், பகல் வெளிச்சத்தில் உள்ளே வருபவர் கரும் நிழலாவார். ஒளி வேறுபாட்டைச் சமன்செய்யும் டபிள்யுடிஆர் வசதி அங்கே அவசியம். இரவில் அகச்சிவப்பு விளக்கின் வெளிச்சம் பக்கத்துச் சுவரிலோ ஒட்டடையிலோ பட்டுத் திரும்பினால் படம் வெளுத்துப்போகும். மின்சாரம் போனதும் யுபிஎஸ் இல்லாமல் அணையும் கேமரா, திருடனுக்குத்தான் உதவும்.

இரண்டாவது கேள்வி, சேமிப்பு. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலைய கேமராக்களின் பதிவை 18 மாதங்கள், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க உத்தரவிட்டது. நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜிபி கேட்கும்; ஓராண்டுக்குக் கிட்டத்தட்ட 16 டெராபைட். அதே வேகத்தில் 8 கேமராக்களுக்கு 1 டெராபைட் டிஸ்க் மூன்று நாள்கூடத் தாங்காது. எச்.265 போன்ற சுருக்க முறைகள் இந்தச் சுமையைப் பெருமளவு குறைக்கும். ஆனால், கணக்கே போடாமல் ‘2 டெராபைட் ஒன்று’ என்று எழுதும் ஒப்பந்தப்புள்ளி, உத்தரவை மீறப்போவதாக முன்கூட்டியே அறிவிக்கிறது.

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. யாருடைய நடத்தை பதிவாகிறதோ அவரிடமே அழிக்கும் பாஸ்வேர்டையும் கொடுப்பது, வடிவமைப்பிலேயே உள்ள ஓட்டை. காவல் நிலையப் பதிவின் பிரதி நிலையத்துக்கு வெளியிலும் இருக்க வேண்டும். யார் பார்த்தார், யார் அழித்தார் என்பதும் பதிவாக வேண்டும். ஆலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் சாவி ஊராரிடம் போய்விடும். 2016 அக்டோபரில் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்களை முடக்கிய ‘மிராய்’ தாக்குதலுக்கு, இப்படி விடப்பட்ட கேமராக்களும் டிவிஆர்களுமே படையாகின.

சாதனங்களின் தரத்தைச் சோதிக்க மத்திய அரசு 2025 ஏப்ரலில் விதிகளைக் கட்டாயமாக்கியது நல்ல தொடக்கம். ஆனால், சான்று பெற்ற கேமராவையும் தவறாகப் பொருத்தலாம். ஆகவே, பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு தாள் வேண்டும்: எதைப் பார்க்க, எந்த அளவு தெளிவில், எத்தனை நாள் சேமிப்பு, பொறுப்பாளர் யார். இரவு 10 மணிக்கு ஒருவரை நடக்கவிட்டு, அவர் முகம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும். மாதம் ஒருமுறை பழைய தேதி ஒன்றின் பதிவை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். இவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். இதைச் செய்ய மறுக்கும் அலுவலகம் எத்தனை கேமரா வைத்திருக்கிறது என்று பெருமை பேச வேண்டியதில்லை.