தண்ணீர்மலை அடிவாரத்தில் நெருப்புக்கு ஒரு பள்ளிக்கூடம்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் வடக்கே உள்ள தோட்டத்து மக்களின் கால்கள் தாமாகவே தண்ணீர்மலையை நோக்கித் திரும்பும். கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறோம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்களும் அந்த நாளில் பழைய லயத்து முகங்களைத் தேடி அங்கேதான் வருகிறார்கள். மலையில் முருகனைக் கண்டு, அடிவாரத்தில் உறவினரைக் கண்டு, தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

அதே வாரங்களில் நமது தோட்டங்களில் வேறொன்றும் நடக்கிறது. வட மாநிலங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம் அது. மழை குறைந்து, நிரைகளுக்கிடையே சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். வேலியோரத்து லாலான் புல் காய்ந்து கடுதாசிபோல் இருக்கும். எவரோ எறிந்த ஒரு சிகரெட்டுத் துண்டு போதும். நாம் மலையேறித் திரும்புவதற்குள் ஒரு நிரை கருகிப்போகும். வருஷத்தில் நெருப்புக்கு நாம் மிகவும் அஞ்ச வேண்டிய பருவமும், நாம் யாவரும் ஓரிடத்தில் கூடும் பருவமும் ஒன்றாக இருக்கின்றன. இந்தப் பொருத்தத்தை வீணாக்கலாமா என்பதே நமது கேள்வி.

தண்ணீர்மலை அடிவாரத்தில், தொழிலாள மக்களுக்கென ஒரு தீயணைப்புப் பொருட்காட்சி சாலையும், அதனோடு சேர்ந்த பாதுகாப்புப் பயிற்சி நிலையமும் அமைய வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். பெயருக்கும் இது பொருத்தமான இடமே. ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுன் பட்டணத்துக்கும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கும் குடிநீர் கொடுத்தது இந்த மலையின் அருவிதான். தண்ணீர் இறங்கி வந்த இடத்தில் நெருப்பை அடக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுப்பதில் தவறென்ன?

"பட்டணத்தில்தான் தீயணைப்பு நிலையம் இருக்கிறதே, இது எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். கடற்கரைத் தெரு எனும் பீச் ஸ்திரீட்டில் 1908-ஆம் ஆண்டில் எழுந்த நிலையம், தன் கோபுரத்தோடு இன்றும் கம்பீரமாக நிற்கிறது. சிங்கப்பூரிலும் அதே காலத்தில் ஹில் ஸ்திரீட்டில் கட்டப்பட்ட மத்திய தீயணைப்பு நிலையத்திற்குள் 2001-ஆம் ஆண்டில் ஒரு பொருட்காட்சிக் கூடம் திறந்தார்கள். பித்தளைத் தொப்பியும் பழைய வண்டியும் பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தீயணைப்பு வீரர்களின் துணிவை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். ஆனால் அவையெல்லாம் நெருப்பை அணைத்தவர்களின் சரித்திரம். நெருப்பில் குடியிருந்தவர்களின் சரித்திரம் எங்கே இருக்கிறது?

லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இதை நன்கறிவர். பழைய பலகை லயங்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு. ஆனால் பல இடங்களில் அந்தத் தடுப்பு கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டு இருமல் நமக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுப் புகை நம் வீட்டுக்கு வரும். முதல் வீட்டு அடுப்பில் பிடித்த தீ, கூரைக்கு அடியிலேயே ஓடிக் கடைசி வீடு வரைக்கும் போய்விடும். இதே ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளைப் பாருங்கள்: இரண்டு கடைகளுக்கு நடுவே செங்கல் சுவர், கூரையையும் தாண்டி மேலே நிற்கும். அத்தாப்பும் பலகையுமாக இருந்த காலத்தில் பட்டணம் பலமுறை எரிந்து, பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அந்தச் சுவர். பட்டணத்துச் சரக்குக்குக் கிடைத்த சுவர், பால்மரம் வெட்டியவனின் பிள்ளைகளுக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை. இந்த இரண்டு கூரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் மாதிரி செய்து வைத்தால், எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் ஒரே பார்வையில் விஷயம் புரியும். நாம் கேட்பது இத்தகைய பொருட்காட்சி சாலையே.

ஸ்மோக்ஹவுஸ் எனும் புகைக்கூடத்தையும் அங்கே வைக்க வேண்டும். ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, நாள் கணக்கில் புகை போட்டு உலர்த்திய இடம் அது. ஒரு ஷீட் நழுவிக் கீழே விழுந்து நெருப்பைத் தொட்டால், கூடம் முழுவதும் பற்றிக்கொள்ளும். அதற்காகவே ராத்திரி முழுவதும் ஒருவர் கண் விழித்துக் காவல் இருந்தார். அந்தக் காவலாளிகளின் அநுபவம் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. அவர்கள் மறைந்துவருகிறார்கள், லயங்களும் இடிபட்டு வருகின்றன. இன்னும் பத்து வருஷம் போனால் கேட்பதற்கும் ஆள் இருக்கமாட்டார்கள்.

நிற்க. பழமையைப் பாதுகாப்பது மட்டும் நமது நோக்கமன்று. சென்ற காலத்துத் தீ நமக்கு விட்டுப்போன பாடங்களை நாம் சரியாகப் படிக்கவில்லை என்பதே பெரிய துக்கம்.

1989-ஆம் ஆண்டு செப்டம்பரில், நமக்குப் பக்கத்திலேயே, கெடா குவார் செம்படாக்கில் ஒரு சமயப் பள்ளியின் விடுதி எரிந்து 27 மாணவிகள் மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் இன்னொரு சமயப் பள்ளியில் 23 உயிர்கள் போயின. அவர்களில் 21 பேர் சிறுவர்கள். கதவுப் பக்கம் தீ. ஜன்னலில் இரும்புக் கம்பி. நம் மூதாதையர் மண்ணான தஞ்சைச் சீமையிலே, கும்பகோணத்தில், 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி பள்ளிச் சமையற்கட்டில் எழுந்த தீ கீற்றுக் கொட்டகையில் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. மதம் வேறு, மொழி வேறு, நாடு வேறு. பிள்ளைகளை மாய்த்த காரணங்கள் மட்டும் மாறவில்லை: எளிதில் பற்றும் கூரை, வெளியேற முடியாத ஜன்னல், கற்றுக்கொடுக்கப்படாத வழி.

இன்று நம் தோட்டத்து வீடுகளையும், நாம் குடியேறிய தாமான் வீடுகளையும் சுற்றிப் பாருங்கள். திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் கிரில் போட்டிருக்கிறோம். பூட்டுச் சாவி எங்கே என்று வீட்டிலுள்ள சிறு பிள்ளையைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால், அந்த வீடு ராத்திரியில் ஒரு கூண்டு. திருடனைத் தடுக்கும் கம்பி நம்மையும் தடுக்கும் என்பதை எந்தக் கடைக்காரனும் சொல்லமாட்டான். படுக்கை அறையில் ஒரு கிரில்லாவது உள்ளேயிருந்து திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். சாவி பிள்ளைக்கு எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. சொல்லிக் கொடுக்க ஓர் இடம்தான் வேண்டும்.

பயிற்சி நிலையத்தில் என்ன கற்பிப்பது? கொதிக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால், எண்ணெய் சீறித் தெறித்து முகத்துக்கு வரும். அடுப்பை நிறுத்தி, சட்டியை மூடியால் மூடிவிட வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அப்போது விளக்கு ஸ்விட்சைத் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். தீயைவிடப் புகையே முதலில் ஆளைக் கொல்கிறது. புகை மேலே நிற்கும், ஆகவே தவழ்ந்து போக வேண்டும். சுட்ட புண்ணுக்குப் பற்பசையும் கிச்சாப்பும் தடவுவது நம்மிடையே ஊறிய வழக்கம். அது தவறு; ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுவதுதான் முதல் வைத்தியம். பிறகு 999-க்கு அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், எத்தனையாவது கட்டை, எந்தப் பாதை என்று தெளிவாகச் சொல்லும் பழக்கம் வேண்டும். இவற்றைக் காதால் கேட்டால் மறந்துபோகும். கையால் ஒருமுறை செய்தால் மறக்காது. தமிழிலும் மலாயிலும், இன்று தோட்டத்தில் நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்குப் புரியும் விதத்திலும் இதைக் கற்பிக்க வேண்டும். தீ பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சுடுவதில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். "முதலாளியின் கடமைக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்று தொழிலாளத் தோழர்கள் கேட்பது நியாயம். நிர்வாகத்தின் கடமையில் ஒரு காசும் குறைத்துக்கொள்ள நாம் சம்மதியோம். தொழிலாளர் குடியிருப்பின் தரத்தைப் பற்றி 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டத்தைக் கேட்டு வாங்குவதற்கும் அறிவு வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துச் சட்டைத் தொழிற்சாலை ஒன்றில் 1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி 146 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். வெளியேறும் கதவு பூட்டிக் கிடந்தது. அந்தத் துக்கத்தைத் தொழிற்சங்கங்கள் மறக்கவிடவில்லை. அதன் பின்னரே தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வரிசையாக வந்தன. அந்தக் கட்டடத்தின் சுவரில் நினைவுச் சின்னம் எழுந்தது 2023-ஆம் ஆண்டில்தான். நினைவு இருந்த இடத்தில் சட்டம் பிறந்தது. நினைவு அழிந்த இடத்தில் அதே தீ மறுபடியும் வரும்.

நமக்குக் காசு சேர்க்கத் தெரியாதா? 1950-களில் கோ. சாரங்கபாணி அவர்கள் "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டியபோது ஆளுக்கு ஒரு வெள்ளி என்றுதான் கேட்டார். பால்மரக் காட்டிலிருந்து அந்த வெள்ளிகள் சென்று, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்குத் துணை நின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், 1960-ஆம் ஆண்டில், துன் சம்பந்தன் அவர்கள் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே விலைக்கு வாங்கிற்று. தோட்டத்தையே வாங்கிய கைகளுக்கு ஒரு பயிற்சி நிலையம் பெரிய காரியமா?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நம் சமூகத்தில் கட்டடம் எழும்புகிறது. திறப்பு விழா நடக்கிறது. மாலையும் படமும் ஆன பிறகு பூட்டுத் தொங்குகிறது. கட்டுவதற்கு ஒருமுறை பணம் போதும். விளக்குக்கும் காவலுக்கும் பயிற்சியாளருக்கும் மாதா மாதம் பணம் வேண்டும். ஆகவே தலைகீழாகத் தொடங்குவோம் என்கிறோம். முதலில் பாடம், அடுத்துப் பொருள், கடைசியில் கட்டடம்.

முதல் வருஷம் தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல்களுக்கு நடுவே ஒரு பந்தல் போடுவோம். தீயணைப்பு இலாகாவினரை அணுகி, வந்து செய்து காட்டும்படி வேண்டுவோம். மோர் குடிக்க வருகிறவர் ஒரு மூடியை எடுத்துச் சட்டியை மூடிப் பார்த்துவிட்டுப் போகட்டும். இரண்டாம் வருஷம் ஒரு லோரியில் அந்தப் பந்தலை ஏற்றித் தோட்டம் தோட்டமாகவும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் கொண்டுபோவோம். போகும் இடங்களிலெல்லாம் பழைய மண்ணெண்ணெய் விளக்கு, கருகிய லயத்துப் பலகை, புகைக்கூடத்துக் கழி, தீயணைக்க மணல் நிரப்பி வைத்த வாளி ஆகியவற்றைக் கேட்டு வாங்குவோம். பெரியவர்களின் வாய்மொழியைப் பதிந்துகொள்வோம். கிராணிமார்கள் இந்த வேலைக்கு முன்வர வேண்டும். எழுத்தும் கணக்கும் அவர்கள் கைக்குப் பழக்கமானவை. எதை யார் கொடுத்தார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று பேரேட்டில் எழுதாத பொருள், பொருட்காட்சி சாலையில் வெறும் குப்பை.

1,000 பேர் மாதம் ஒரு வெள்ளி கொடுத்தால் வருஷத்துக்கு 12,000 வெள்ளி. அது கட்டடம் கட்டாது. ஆனால் பந்தலுக்கும் லோரி வாடகைக்கும் தொடக்கத்துக்கு உதவும். நடத்திக் காட்டிய பிறகு அரசாங்கத்திடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் கட்டடத்துக்குக் கேட்போம். அப்போது பிச்சை கேட்பவராக அல்ல, பங்கு கேட்பவராக நிற்போம். கொடுப்பவரின் பெயரை வாசலில் பொறிப்பது என்ற பேச்சு வேண்டாம். கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்திரிகையில் வெளிவர வேண்டும். ஒரு வெள்ளி கொடுத்த அம்மாவும் தன் வெள்ளி எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை உடையவர்.

தோழர்களே! தோட்டக் கிளைகளில் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பற்றிப் பேசுங்கள். ஆதரித்துப் பேசுங்கள், எதிர்த்தும் பேசுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அதுவரைக்கும், இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்தவுடன் எழுந்து ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கிரில்லின் சாவியை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டி, அவர்கள் கையாலேயே ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள். நாம் கேட்கும் பள்ளிக்கூடத்தின் முதல் பாடம் இன்று ராத்திரி அங்கேயே தொடங்கட்டும்.