விவாகம் கோயிலின் உடைமையா?

சுங்கை பாக்காப் கடைத்தெருவில் காப்பி குடிக்க உட்காருகிறவர் எவரும் இந்நாளில் ஒரு விநோதமான ஒற்றுமையைக் காணலாம். கோயில் காரியத்தரும், சபை ஊழியரும், தொழுகை முடித்து வருகிறவரும் ஒரே மேஜையில் அமர்ந்து ஒரே கருத்தைச் சொல்லுகிறார்கள். கடவுள் ஒருவரா பலரா என்பதில் இவர்களுக்குள் ஒற்றுமையில்லை. செத்தவனை எரிப்பதா புதைப்பதா என்பதில் ஒற்றுமையில்லை. எதைத் தின்னலாம், எத்திசை நோக்கிக் கும்பிடலாம் என்பதிலும் இல்லை. ஆனால் “ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் விவாகம் செய்துகொள்வதாவது!” என்ற பேச்சு எழுந்தவுடனே மூவரும் உடன்பிறந்தவர்களாகிவிடுகிறார்கள். மனிதரைச் சேர்த்துவைக்க இத்தனை நூற்றாண்டுகளாக முடியாத மதங்கள், சில மனிதரைத் தள்ளிவைப்பதென்றால் மட்டும் ஒரு நொடியில் கைகோத்துக் கொள்ளுவதேன் என்று நாம் யோசிக்க வேண்டாமா?

இந்த அதிசயம் நமது ஊருக்கு மாத்திரம் உரியதன்று. வயதுவந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கூடுவதைக் குற்றமாக்கும் அளவில் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு செல்லாது என்று டில்லி உயர்நீதிமன்றம் 2009ஆம் வருஷம் தீர்ப்பளித்தது. இந்திய அரசாங்கம் அதன்மேல் அப்பீல் செய்யவில்லை. செய்தவர்கள் யார்? ஒரு சோதிடர் முன்னின்றார். அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் வந்தது. கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்புகளும் வந்தன. அயோத்தி வழக்கில் எதிரெதிரே நின்ற உலகம் இவ்வழக்கில் ஒரே வரிசையில் நின்றது! 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இவர்கள் பக்கம் சாய்ந்தது. ஐந்து நீதிபதிகள் கூடி அத்தீர்ப்பைத் தள்ளியது 2018 செப்டம்பர் 6ஆம் தேதி. இடையில் ஏறக்குறைய ஐந்து வருஷம், ஒரு குற்றமும் செய்யாத மக்கள் மறுபடியும் குற்றவாளிகளாக வாழ்ந்தார்கள். விவாக உரிமை கேட்டு வந்த வழக்கோ 2023 அக்டோபர் 17இல் முடிந்தது. அது பார்லிமெண்டு செய்யவேண்டிய வேலை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இங்கே 377ஏ, 377பி என்ற பிரிவுகள் இன்றும் உயிரோடிருக்கின்றன. தண்டனை இருபது வருஷம் வரை சிறை, அதன்மேல் பிரம்படி. இதைத் தொடாதீர்கள், தொட்டால் நமது கீழ்நாட்டுப் பண்பாடு அழிந்துபோகும் என்கிறார்கள். எது கீழ்நாட்டுப் பண்பாடு? மெக்காலே என்னும் வெள்ளைக்காரர் எழுதத் தொடங்கி, 1860இல் இந்தியாவுக்குச் சட்டமாகி, 1871இல் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கப்பலேறி வந்த சரக்கு இது. கரும்புத் தோட்டத்துக்கு நமது முன்னோரை இறக்கிய அதே ஆட்சிதான் இந்தப் பிரிவையும் இறக்கியது. இறக்கியவன் தன் வீட்டில் அதை 1967லேயே தூக்கி எறிந்துவிட்டான். 2014 முதல் இங்கிலாந்தில் ஒருபால் விவாகமும் சட்டப்படி நடக்கிறது. நாமோ அவன் கழித்துப்போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு, இது எங்கள் பாட்டன் உடுத்திய வேட்டி என்று சாதிக்கிறோம்!

2018ஆம் வருஷம் நமது மாநிலத்திலேயே நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜார்ஜ் டவுன் விழாவில் ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். நாட்டுக்குத் தொண்டு செய்தவர்கள் தேசியக் கொடியோடு நிற்கும் படங்கள். அவற்றுள் திருநங்கையர் உரிமைக்கு உழைக்கும் நிஷா ஆயுப் படமும், பாங் கீ தேய்க் படமும் இருந்தன. அப்போது மத விவகாரங்களுக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவா உத்தரவிட, அவ்விரண்டு படங்களையும் சுவரிலிருந்து கழற்றினார்கள். படத்தில் ஆபாசம் ஒன்றுமில்லை. ஒரு மனிதர், ஒரு கொடி, அவ்வளவே. ஆகவே கழற்றப்பட்டது படமன்று. இவர்களும் இந்நாட்டுக் குடிகள் என்ற எண்ணந்தான். அடுத்த மாதம் திரங்கானுவில் ஷரியா நீதிமன்றத்தில் பலர் பார்த்திருக்க இரண்டு பெண்களுக்கு ஆறு ஆறு பிரம்படி கொடுக்கப்பட்டது. அதற்கடுத்த மாதம் பிரதமர் மகாதீர் பாங்காக் நகரில் பேசும்போது, ஒருபால் விவாகம் மேல்நாட்டாரின் போக்கு, ஆசியர் அதைக் காப்பியடிக்க வேண்டியதில்லை என்ற கருத்தில் உபதேசித்தார். அவர் நின்று பேசிய அந்த ஆசிய நாடு, பௌத்த நாடு, 2025 ஜனவரி 23 முதல் ஒருபால் விவாகத்தைப் பதிவு செய்து வருகிறது. சுங்கை பாக்காப்பில் காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். நம்மவர் ஹட்யாய்க்குச் சாமான் வாங்கப் போகிறார்கள், வருகிறார்கள். அங்கே வானம் இடிந்து விழுந்ததாக எவரும் வந்து சொல்லவில்லை.

அன்வார் இப்ராஹிம் அவர்களின் கதையையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியாது. பெர்மாத்தாங் பாவ் நமது அக்கம்பக்கந்தான். இந்தச் சட்டத்தின்கீழ் அவர் இருமுறை தண்டிக்கப்பட்டார். முதல் தண்டனையை 2004இல் நீதிமன்றமே நீக்கியது. இரண்டாவதற்கு 2018 மே மாதத்தில் பேரரசர் முழு மன்னிப்பு அளித்தார். இரண்டும் அரசியல் சூழ்ச்சி என்பதே அவருடைய வாதம். நல்லது, ஒருவரைக் கவிழ்க்கப் படுக்கையறைக்குள் போலீசை அனுப்பக்கூடிய சட்டம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆயினும் பிரதமராகி, 2023 ஜனவரியில், இப்படிப்பட்டவர்களைத் தம் அரசாங்கம் ஒருபோதும் அங்கீகரிக்காது என்றுதான் அவரும் சொன்னார். மதவாதிகளின் ஓட்டுக்கு எவ்வளவு பலம் பாருங்கள்!

நிற்க. விவாகம் என்பது தெய்வம் கூட்டிவைப்பது, அதில் சர்க்கார் கைவைக்கலாகாது என்பதே எதிர்ப்பாளரின் தலைமையான வாதம். இதைத் தோட்டத்துத் தமிழனிடத்தில் சொல்ல எவருக்கும் வாய் எழக்கூடாது. தெய்வ சந்நிதியில் மட்டும் நடந்து, பதிவுக் காரியாலயத்தில் நடவாத விவாகம் என்ன கதியாகும் என்பதை நம்மைவிடப் பட்டறிந்த ஜனங்கள் இந்நாட்டில் யார்? 1976ஆம் வருஷத்து விவாகச் சட்டம் 1982 மார்ச்சு 1 முதல் அமலுக்கு வந்தது. அன்றுமுதல், முஸ்லிமல்லாதார் விவாகத்துக்குச் சர்க்கார் பதிவே சாட்சி. கோயிலில் மேளங்கொட்டி, ஐயர் மந்திரஞ்சொல்லி, ஆயிரம் பேர் அட்சதை தூவிய கலியாணங்கள் எத்தனையோ பதிவாகாமற் போயின. தகப்பன் இந்நாட்டுப் பிரஜையாயிருந்தும், தாய் வெளிநாட்டவளாயிருந்து, விவாகம் பதிவாகாவிட்டால், தகப்பனுடைய பிரஜாவுரிமை பிள்ளைக்குச் செல்லுவதில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைகள் நீல அடையாளக் கார்டு இல்லாமல், பரீட்சைக்கும் வேலைக்கும் வங்கிக்கும் அலைந்து திரிவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அப்போது அந்த அட்சதை வந்து உதவியதா? மந்திரம் சாட்சி சொல்லிற்றா? இல்லை. ஒரு காகிதம், ஒரு முத்திரை, ஒரு பதிவாளர் கையெழுத்து, இவைதாம் வேண்டியிருந்தன.

ஒருபால் ஈர்ப்புடையோர் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். கர்ப்பக்கிருகத்தை அல்ல, அர்ச்சகரின் தட்டையும் அல்ல. இரண்டு பெண்கள் ஒரே தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை செய்து, ஒரே வாடகை வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்து வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் ஒருத்தி இறந்தால் சொக்சோ உதவிப் பணம் மற்றவளுக்கு இல்லை. விதவைக்கு உண்டு, பிள்ளைக்கு உண்டு, இவளுக்கு மட்டும் இல்லை. உயில் எழுதாமல் இறந்தாலோ, 1958ஆம் வருஷத்துப் பங்கீட்டுச் சட்டப்படி சொத்து இரத்த உறவினருக்குப் போகும். முப்பது வருஷமாக எட்டிப் பாராத அண்ணன் வந்து வீட்டைப் பூட்டலாம். கூட வாழ்ந்தவள் துணிமூட்டையோடு வாசலில் நிற்கவேண்டியதுதான். சேமநிதிக்கு வேண்டுமானால் பெயர் எழுதிவைக்கலாமே என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். எழுதலாம். ஆஸ்பத்திரியில் உயிருக்கு மன்றாடும்போது, “நீ இவளுக்கு என்ன உறவு?” என்று கேட்டால் எந்தப் பாரத்தை நீட்டுவது?

நமது தாய்தந்தையரின் கலியாணத்தையும் ஒரு காலத்தில் இதே வாயால்தான் பழித்தார்கள். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கினார். அவர் வருகைக்கு முன்பே வைதீகர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள். புரோகிதன் இல்லாத மணம் மணமா, அக்கினி சாட்சியில்லாதவள் மனைவியா, அவள் பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் பங்குண்டா என்று ஏசினார்கள். ஏச்சோடு நின்றதா? சென்னை உயர்நீதிமன்றமே 1953இல் அத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் செய்தது. மேடையேறி மாலை மாற்றிக்கொண்ட எத்தனையோ மானமுள்ள பெண்கள் அன்றைக்கு ஒரே வரியில் வைப்பாட்டிகளாக்கப்பட்டார்கள். அண்ணாதுரை ஆட்சி 1967இல் சட்டத்திருத்தம் செய்தபின்பே அவ்விழிவு நீங்கியது. அப்போதும் பண்பாடு அழியும், குடும்பம் குலையும் என்றார்கள். குலைந்த குடும்பத்தை இன்றுவரை நமக்கு யாரும் காட்டவில்லை. அந்தக் கலியாணங்களில் பிறந்த பேரன்மார்கள் சிலர் இன்று கோயில் கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு, “இதெல்லாம் ஒரு கலியாணமா?” என்று பிறரைக் கேட்கிறார்கள் என்பதே வேடிக்கை.

சந்ததி வளராது என்பது இன்னொரு வாதம். அப்படியானால் அறுபது வயதில் மறுமணம் செய்வோரின் பதிவை நிறுத்துவார்களா? பிள்ளையில்லாத தம்பதிகளின் விவாகப் பத்திரத்தைப் பிடுங்குவார்களா? இயற்கைக்கு விரோதம் என்பாருக்கும் ஒரு வார்த்தை: காது குத்துவதும், நாற்பது நாள் பட்டினி கிடப்பதும், அலகு குத்திக் காவடி எடுப்பதும் எந்த இயற்கையின் கட்டளை?

புராணங்களை நாம் சாட்சிக்கு அழைப்பதில்லை. ஆனால் அவற்றை நம்புகிறவர்கள் பதில் சொல்லத்தானே வேண்டும்? திருச்செங்கோட்டில் பாதி ஆணும் பாதி பெண்ணுமான உருவத்துக்குப் பாலபிஷேகம். அரிக்கும் அரனுக்கும் பிறந்தவர் என்று சொல்லி ஐயப்பனுக்கு இருமுடி. கூவாகத்தில் அரவானுக்குத் தாலிகட்டிக்கொள்ளும் திருநங்கையர் திருவிழாவுக்குச் சித்திரைதோறும் கூட்டம். கல்லில் செதுக்கினால் தெய்வம், சதையும் இரத்தமுமாய் வாசலில் வந்து நின்றால் சாபமா?

மதத்தாருக்குள்ள உரிமையை நாம் மறுப்பதில்லை. எந்தக் கோயிலும் எந்தச் சபையும் தன் கொள்கைக்கு ஒவ்வாத சடங்கை நடத்தியே தீரவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தலாகாது. இங்கிலாந்தின் 2013ஆம் வருஷத்துச் சட்டம் அந்நாட்டுத் திருச்சபையின் குருமார்களுக்கு இப்படிப்பட்ட விவாகத்தை நடத்தும் கடமையில்லை என்று விலக்களித்திருக்கிறது. அவர்கள் தங்கள் வாசலைச் சாத்திக்கொள்ளட்டும். பதிவுக் காரியாலயத்தின் வாசலையும் சேர்த்துச் சாத்த அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வைதீகரைவிட நமக்கு அதிக வருத்தம் தருவோர் வேறொரு கூட்டத்தார். சாதி ஒழியவேண்டும் என்பார்கள், புரோகிதம் வேண்டாம் என்பார்கள், விதவை மணத்துக்கு முன்னின்று மாலை எடுத்துக் கொடுப்பார்கள். இந்தப் பேச்சு வந்தால் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அதற்கு இன்னும் காலம் வரவில்லை” என்று நழுவுவார்கள். காலம் என்ன பினாங்கு பெர்ரியா, நேரத்துக்குத் தானாக வந்து கரையணைவதற்கு? வேறு இடங்களில் சிலர் அதை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தாம் இவ்விஷயத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மனவியல் நிபுணரிடம் பாடங்கேட்டு, 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவிட்டார். இவர்களை வைத்தியத்தால் மாற்றுகிறோம் என்று கிளம்புவோரின் முயற்சியைத் தடைசெய்தார். 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், விவாகம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றார்கள்.

தூத்துக்குடியில் நடந்ததையும் நமது காரியத்தர்கள் கேட்டுவைக்கட்டும். 2018 அக்டோபர் 31ஆம் தேதி அங்கே ஒரு சிவன் கோயிலில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் விவாகம் நடந்தது. பதிவாளர் பதிவு செய்ய மறுத்து, மணமகள் என்ற சொல்லுக்குள் இவள் அடங்கமாட்டாள் என்றார். வழக்கு மதுரைக்குப் போயிற்று. 2019 ஏப்ரல் 22ஆம் தேதி நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அச்சொல்லுக்குள் திருநங்கையும் அடங்குவாள் என்று தீர்ப்பளித்து, விவாகத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டார். நமது 1976ஆம் வருஷத்துச் சட்டத்திலோ 69ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு, இருவரும் முறையே ஆணும் பெண்ணுமாக இல்லாவிட்டால் விவாகம் செல்லாது என்கிறது. அந்த ஒரு வரி எந்த வேதத்திலிருந்தும் எடுத்ததன்று. பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கைதூக்கி எழுதியது. கைதூக்கியே அடிக்கலாம். அடுத்த தேர்தலில் சுங்கை பாக்காப்புக்கு ஓட்டுக் கேட்டு வரும் கனவான்களிடம், தார்ச்சாலையையும் தண்ணீர்க் குழாயையும் பற்றிக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்போம்.