டப்பாவும் வரலாறுதான்!

தொல்லியல்னா ஆயிரம் வருஷத்துப் பானை ஓடு மட்டும்தானா பாஸ்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜில்லி கார் ஆராய்வது நம்ம தாத்தா காலத்து சங்கதி!

1940 முதல் 1945 வரை ஜெர்மனி பிடித்துவைத்திருந்த இடம், பிரிட்டனின் சேனல் தீவுகள். 1942, 43-ல் அங்கிருந்து சுமார் 2,200 பேரை ஜெர்மன் முகாம்களுக்குக் கொண்டுபோய் அடைச்சாங்க. செஞ்சிலுவைச் சங்கப் பார்சலில் வந்த தகர டப்பாக்களை வெட்டி, அவங்களே குவளை செஞ்சுக்கிட்டாங்க. ஜில்லிக்கு அதுதான் ஆதாரம். பி.பி.சி. செய்தியை ரகசியமாகப் பரப்பியதற்காகச் சிறை போன பத்திரிகையாளர் ஃபிராங்க் ஃபாலா பெயரில் ஆவணக் காப்பகமும் தொடங்கினார். நாஜிச் சிறைகளில் வாடிய தீவுக்காரர்களின் கதைகள் அதில் இருக்கு.

ஜெர்மானியர் கட்டிய கான்கிரீட் பதுங்கு குழிகள் தீவில் தானாகவே நிக்குது. தகரக் குவளையை யாராவது எடுத்துவெச்சாத்தான் உண்டு!