விழுந்த ஹெலிகாப்டரும் டீக்கடைத் தீர்ப்பும்

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மாலை ஷிப்டு விட்டதும் நம்மவர்கள் கூடும் டீக்கடை ஒன்று உண்டு. சேலத்துக்காரர், தர்மபுரிக்காரர், திருவண்ணாமலைக்காரர் என்று பத்துப் பேராவது பெஞ்சில் இருப்பார்கள். ரயில்வே ஆபீசு முடிந்து திரும்பும் வழியில் நானும் அங்கே ஒரு டீ குடிப்பது வழக்கம். 2025 ஜனவரி 6-ந் தேதி, திங்கட்கிழமை, அங்கே ஒரு வழக்கு நடந்தது. நீதிபதிகள் பத்துப் பேர். சாட்சி ஒருவரும் இல்லை.

முதல் நாள்தான் குஜராத்தில் போர்பந்தர் விமான நிலையத்தில் கடலோரக் காவல் படையின் 'துருவ்' ஹெலிகாப்டர் விழுந்து எரிந்து, அதிலிருந்த மூன்று பேரும் மாண்டார்கள். நான்கு மாதத்துக்கு முன், 2024 செப்டம்பர் 2-ந் தேதி இரவு, அதே போர்பந்தருக்கு அப்பால் அதே வகை ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்தது. அது பயிற்சிக்குப் போனதல்ல. 'ஹரி லீலா' என்ற எண்ணெய்க் கப்பலில் படுகாயம் அடைந்து கிடந்த ஒரு மாலுமியைத் தூக்கி வரப் போனது. இருட்டிலே, நடுக்கடலிலே, முன்பின் அறியாத ஒரு தொழிலாளியின் உயிருக்காகப் போன நான்கு பேரில் ஒருவர்தான் உயிரோடு மீட்கப்பட்டார்.

டீக்கடைக்கு வருவோம். "பாகிஸ்தான்காரன் வேலைதான், சந்தேகமே இல்லை" என்றார் ஒருவர். "பைலட்டுக்குப் பழக்கம் போதாது" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் செல்போனில் வந்த ஏதோ ஒரு படத்தைக் காட்டி, "பெங்களூர்ல செஞ்ச சாமான்தானேண்ணே, வேற எப்படி இருக்கும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூலையில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மைத்துனர் பெங்களூரில் ஹெலிகாப்டர் கட்டும் இடத்தில் ஃபிட்டர். இது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. பாதி டீயை வைத்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. துருவ் ஹெலிகாப்டரைப் பற்றிக் கேள்வி எழ நியாயம் இருக்கிறது. 2023 மார்ச்சில் ஒரே மாதத்தில் இரண்டு சம்பவங்கள்: 8-ந் தேதி கடற்படை ஹெலிகாப்டர் மும்பைக்கு அப்பால் கடலில் இறங்கியது, 26-ந் தேதி கடலோரக் காவல் படையினுடையது கொச்சியில் கிளம்பிய கையோடு விழுந்தது. 2025 ஜனவரி விபத்துக்குப் பின் முப்படைகளிலும் காவல் படையிலும் இருந்த சுமார் 330 துருவ்களும் தரையில் நிறுத்தப்பட்டன. சும்மாவா நிறுத்துவார்கள்?

பிறகு வந்த செய்தி, 'ஸ்வாஷ் பிளேட்' என்ற பாகம் முறிந்திருந்தது என்பது. அதை எங்களுக்கு விளங்க வைத்தவர் அதே கடையில் உட்காரும் ஒரு டர்னர். கீழே ஒரு சாசர், அதன் மேல் இன்னொரு சாசரைக் கவிழ்த்தார். "கீழ்த் தட்டு சுத்தாது. மேல் தட்டு விசிறியோட சேர்ந்து சுத்தும். பைலட் கையில இருக்கற கம்பி கீழ்த் தட்டைச் சாய்ச்சா மேல் தட்டும் சாயும், விசிறி இறக்கை திரும்பும். இது உடைஞ்சா கம்பி கையில இருந்தும் பிரயோஜனம் இல்லை" என்றார். அப்புறம் அவரே கேட்டார்: "ஏன் முறிஞ்சது? இரும்பா, பேரிங்கா, கடல் உப்பா? எத்தனை மணி நேரம் ஓடின பிளேட்டு? கடைசியா யார் பார்த்து கையெழுத்துப் போட்டது?" முதல் நாள் பேச்சுக்கும் இதற்கும் எத்தனை தூரம் பாருங்கள்!

2025 மே மாதத்தில் இராணுவம், விமானப்படை துருவ்கள் மறுபடி பறக்க அனுமதி கிடைத்தது. கடலில் பறக்கும் கடற்படை, காவல் படை துருவ்கள் அப்போதும் தரையில்தான் இருந்தன. டர்னர் கேட்ட உப்புக் கேள்வி வெறும் கேள்வி அல்ல என்றே எனக்குப் படுகிறது.

ஊர்ப்பேச்சு யாரை எரிக்கிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு யார்டில் சரக்கு வேகன் தடம் புரண்டது. பாயிண்ட்ஸ்மேன் குடித்திருந்தார் என்று அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் பேச்சு. அவர் மகள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. விசாரணையில் தண்டவாளம் வெடித்திருந்தது தெரிந்தது. அதற்குள் ஜனங்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

2023 ஜூன் 2-ந் தேதி பாலாசோரில், சென்னைக்கு வந்த கோரமண்டலும் பெங்களூரிலிருந்து போன ஹௌரா வண்டியும் சிக்கிய விபத்திலும் இதே கதை. ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவிட்டார் என்று புரளி கிளம்பியது. அவர் ஓடவில்லை. ரயில்வே பாதுகாப்பு கமிஷனரின் விசாரணையில் வெளிவந்தவை சிக்னல் பிரிவின் தவறுகள்.

எங்கள் இலாகாவில் குறை ஆயிரம் இருக்கலாம். ஒரு நல்ல வழக்கமும் இருக்கிறது. பெரிய விபத்து நடந்தால் பாதுகாப்பு கமிஷனர் வந்து விசாரிப்பார். அவர் ரயில்வே போர்டுக்குக் கீழே இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். இன்ன தேதி, இன்ன இடம், விபத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் நேரில் வரலாம், கடிதமும் போடலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பு வரும். கேட் அருகே ஆடு மேய்த்தவர்கூடப் போய்ச் சொல்லலாம். முப்படைகளிலும் காவல் படையிலும் அந்த வழக்கம் இல்லை. விசாரணை உள்ளுக்குள்ளேயே நடக்கும். அறிக்கை முழுசாக வெளியே வருவதில்லை. 2021 டிசம்பர் 8-ந் தேதி குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் ஜெனரல் பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் விழுந்தபோது, ஊகம் பேசாதீர்கள் என்று இரண்டாம் நாளே விமானப்படை கேட்டுக்கொண்டது. திடீரென்று மாறிய வானிலையால் மேகத்துக்குள் புகுந்து பைலட் திசை தடுமாறினார் என்ற முடிவு வந்தது அடுத்த மாதம் 14-ந் தேதி. இடைப்பட்ட ஐந்து வாரமும் வாயை மூடு என்றால் யார் மூடுவார்கள்?

போர்பந்தர் கடலில் விழுந்த ஹெலிகாப்டரின் தலைமை பைலட் ராகேஷ் குமார் ராணாவின் உடல் அக்டோபர் 10-ந் தேதிதான் கிடைத்தது. 38 நாள்! அவரோடு மாண்ட விபின் பாபு கேரளத்து மாவேலிக்கரைக்காரர். 2015 ஜூன் 8-ந் தேதி சென்னையிலிருந்து கிளம்பிய காவல் படை டார்னியர் விமானம் மூன்று பேரோடு காணாமற்போனது கடலூர் ஜில்லாக்காரர்களுக்கு நினைவிருக்கும். பிச்சாவரத்துக்கு அப்பால் ஆழ்கடலில் அதைக் கண்டுபிடிக்க ஜூலை ஆயிற்று. அப்படிக் காத்திருக்கும் வீட்டிலும் செல்போன் இருக்கிறது. நாம் அனுப்பும் படமும் கதையும் அங்கேயும் போய்ச் சேரும்.

ஆகவே சர்க்காருக்கு ஒரு விண்ணப்பம். இராணுவ ரகசியத்தை நீக்கிவிட்டு, எந்தப் பாகம், ஏன் முறிந்தது, இப்போது என்ன மாற்றியிருக்கிறார்கள் என்பதை நாலு பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். தமிழிலும் கன்னடத்திலும் கொடுத்தால் இன்னும் நல்லது. ஹெப்பாள் பெஞ்சில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஃபிட்டரின் மைத்துனர் இப்போது மறுபடி டீக்கடைக்கு வருகிறார். டர்னர் சாசரைக் கவிழ்த்துக் காட்டிய நாளில் அவரும் இருந்தார். கீழ்த் தட்டைச் சாய்த்தது சரியில்லை என்று சொல்லி, சாசரைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.